முடித்தவர் பட்டியலிலும் இல்லை, விட்டவர் பட்டியலிலும் இல்லை: ஒரு கணிதத் துறை மாணவரின் நான்கு ஆண்டுகள்

வட தமிழ்நாட்டில் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் 2021இல் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்த மாணவர் ஒருவர் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் வராமல் போனார். ஓராண்டு கழித்துத் திரும்பினார். அவருடைய வகுப்புப் பொறுப்பாசிரியராக இருந்தவன் நான். நடந்த தவறுகளில் சில என்னுடையவை. இதை எழுத அவருடைய ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன். ஊர், குடும்பம் தொடர்பான சில விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். வருகைப்பதிவு, அரியர், மறுசேர்க்கை விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். இங்கே வருபவை எங்கள் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் விதிகள்.

பின்னணி

2021இல் கல்லூரிக்கு வந்தவர்களை மற்ற ஆண்டு மாணவர்களோடு ஒப்பிட முடியாது. கொரோனாவால் அவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் 50 சதவீதம், பதினொன்றில் 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டில் 30 என்று கூட்டிப் பட்டியல் கொடுத்தார்கள். முதல் செமஸ்டர் தேர்வையும் 2022 பிப்ரவரி, மார்ச்சில் வீட்டில் உட்கார்ந்தே எழுதினார்கள். எங்கள் வகுப்பில் ஒருவருக்குக்கூட அரியர் விழவில்லை. துறையில் இதை நல்ல சேதியாகவே பேசிக்கொண்டோம். மூன்று மணி நேரம் தேர்வறையில் உட்கார்ந்து கணிதத் தாள் எழுதிய அனுபவம் இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகளாக இல்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மாணவரின் தந்தை லாரி ஷெட்டில் மூட்டை தூக்குபவர். தாய் நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போவார். தங்கை அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். இரு வழியிலும் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவர்தான். அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது; மற்ற கட்டணங்களும் குறைவு. "செலவே இல்லாத படிப்பு" என்று சேர்க்கை நாளில் நாங்களே பெற்றோர்களிடம் சொல்வோம். படிக்கப் போகும் பையன் வீட்டுக்குக் கொண்டுவராத கூலியை அந்தக் கணக்கில் நாங்கள் சேர்ப்பதில்லை.

எங்கள் கல்லூரி இரண்டு ஷிஃப்ட்களில் நடக்கிறது. முதல் ஷிஃப்ட் காலை எட்டரைக்குத் தொடங்கிப் பிற்பகல் ஒரு மணிக்கு முடியும்; இரண்டாவது ஒன்றரைக்குத் தொடங்கி மாலை ஆறு மணி தாண்டிப் போகும். இவருக்கு முதல் ஷிஃப்ட்டில் இடம் கிடைத்திருந்தது.

பட்டத்தின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும், பகுதி 4இல் சுற்றுச்சூழல் கல்வி போன்ற சிறு தாள்கள், பகுதி 5இல் நாட்டு நலப்பணித் திட்டம் முதலியவை. கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கும் அளவுக்கு எழுதினாலும், பகுதி 4இல் ஒரு தாள் நின்றால் பட்டம் நிற்கும். தாள் ஒவ்வொன்றிலும் உள்மதிப்பீட்டுக்கு 25, வெளித்தேர்வுக்கு 75.

இரண்டாம் ஆண்டு வரை கவனித்தவை

நேரில் எழுதிய முதல் தேர்வு 2022 ஜூலையில் வந்தது. இவருக்கு மூன்று தாள் போயிற்று: ஆங்கிலம், நுண்கணிதம், சார்புப் பாடமான இயற்பியல். வகுப்பில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒன்று போயிருந்ததால் மூன்று என்பது கண்ணை உறுத்தவில்லை. 'அடுத்த முறை கட்டி எழுதிவிடு' என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாக்கியத்தை ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லும் தொழில் இது. ஏன் போயிற்று என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

மூன்றாம் செமஸ்டரில் அவர் ஒழுங்காக வந்தார். வருகை 81 சதவீதம். ஆங்கிலத்தை எழுதித் தேறினார். புதிதாக ஒரு முதன்மைத் தாள் போயிற்று. அரியர் எண்ணிக்கை மறுபடி மூன்றிலேயே நின்றது.

நான்காம் செமஸ்டர் 2023 ஜனவரி பாதியில் தொடங்கியது. பிப்ரவரியிலிருந்தே விட்டுவிட்டு வந்தார். வரும் நாளிலும் கடைசி வரிசையில் கண் சொருகி உட்கார்ந்திருப்பார். ஒருமுறை எழுப்பிக் கேட்டபோது, "உடம்பு சரியில்லை சார்" என்றார். அவருடைய வலது கைவிரல்களில் மஞ்சளாகக் கறை இருந்ததைப் பார்த்தேன். மருதாணியோ பெயிண்டோ என்று நினைத்துக்கொண்டேன். சாம்பாரும் கூட்டும் வாளி வாளியாகப் பரிமாறினால் அப்படி ஆகும் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

செமஸ்டர் முடிவில் கணக்கிட்டபோது 90 வேலை நாட்களில் 55 நாள் வந்திருந்தார். 61 சதவீதம்.

முதல் முடிவு: விதி அதன் வழியில் போகட்டும்

தேர்வெழுத 75 சதவீதம் வேண்டும். 65க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றோடு கண்டோனேஷன் கட்டணம் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்குவது) கட்டி எழுதலாம். 50க்கும் 65க்கும் இடையில் இருந்தால் அந்த செமஸ்டர்த் தாள்களை அப்போது எழுத முடியாது. அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம், மேல்வகுப்புக்குப் போகலாம். 50க்குக் கீழே என்றால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். இவருக்கு 65ஐத் தொட இன்னும் நான்கு நாள் தேவைப்பட்டது.

வராத நான்கு நாளை வந்ததாகப் 'போட்டுக் கொடுக்கும்' வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. இல்லை என்று நான் நடிக்க விரும்பவில்லை. துறைத்தலைவர் மறுத்தார். முந்தைய ஆண்டு இதே நிலையில் இருந்த இருவரை நிறுத்தியிருக்கிறோம், இவருக்கு மட்டும் போட்டால் அவர்களுக்கு என்ன பதில் என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். பதிவேட்டைத் திருத்தாததில் இன்றும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பிப்ரவரி கடைசியிலேயே பதிவேட்டைக் கூட்டிப் பார்த்திருந்தால், இன்னும் நான்கு நாள் வந்தால் போதும் என்று அவரிடம் சொல்ல அவகாசம் இருந்தது. நாங்கள் கூட்டிப் பார்த்தது ஏப்ரலில்.

விளைவு உடனே தெரிந்தது. அந்த செமஸ்டரின் ஏழு தாளும் ஒரே அடியில் அரியர் ஆயின: தமிழ், ஆங்கிலம், இரண்டு முதன்மைத் தாள், சார்பு இயற்பியல் எழுத்துத் தேர்வு, அதன் செய்முறை, சுற்றுச்சூழல் கல்வி. பழைய மூன்றோடு பத்து. வேலைக்குப் போய் வகுப்பைத் தவறவிட்டவருக்கு, தவறவிட்டதைப் படிக்க நேரம் கொடுக்காமல், படிக்க வேண்டியதை இரட்டிப்பாக்கும் விதி இது. விதி எழுதியவர்கள் ஊர் சுற்றும் பையனை மனத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. வருகைக் குறைவு தடுப்பது அந்த செமஸ்டர்த் தாள்களை மட்டும்; முன்பே கட்டணம் கட்டியிருந்த பழைய மூன்று அரியரை அவர் அந்த ஏப்ரலிலேயே எழுதியிருக்கலாம். மூன்று தாளுக்கான ஹால் டிக்கெட்டும் வந்திருந்தது. எதையும் எழுத முடியாது என்று நினைத்து அவர் அதை வாங்க வரவே இல்லை. அறிவிப்புப் பலகையில் அவருடைய பெயரை 'வருகைக் குறைவு' என்று ஒட்டினோம். அதன் பொருள் என்ன என்று ஒட்டவில்லை.

வராமல் போனது

2023 ஜூன் கடைசியில் ஐந்தாம் செமஸ்டர் தொடங்கியது. முதல் மூன்று வாரங்களில் சிதறலாகப் பதினொரு நாள் வந்தார். ஜூலை நடுவுக்குப் பிறகு வரவே இல்லை. பத்து நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குக் கடிதம் போக வேண்டும், போயிற்று. பதில் இல்லை. அலுவலகத்தில் இருந்த எண் தந்தையுடையது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் அவருடைய வரிசையில் சிவப்பு மையில் 'எல்.ஏ.' என்று எழுதினேன். நீண்ட நாள் வராதவர் என்று பொருள். அதோடு துறையின் கடமை முடிந்தது என்பதே வழக்கம்.

ஆகஸ்ட் இறுதியில் அதே வகுப்பு மாணவர் ஒருவர் பேச்சுவாக்கில், "அவர் கல்யாண வேலைக்குப் போவார் சார், கேட்டரிங்கில் பந்தி பரிமாற" என்றார். அன்று மாலை பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, துறைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் முகூர்த்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

நான்காம் செமஸ்டரில் அவர் வராத 35 நாட்களில் பெரும்பாலானவை முகூர்த்த நாளாகவோ அதற்கு மறுநாளாகவோ இருந்தன. தை, மாசி, சித்திரை என்று கல்யாணம் குவிந்த வாரங்களில் அவருடைய வரிசை முழுக்க 'ஏ'. முந்தைய ஆண்டு ஆடியில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. புரட்டாசியில் ஒன்றிரண்டு. மார்கழியில் விடுப்பே இல்லை. மூன்றாம் செமஸ்டரில் 81 சதவீதம் வந்ததும் நான்காவதில் 61க்கு விழுந்ததும் அவருடைய பொறுப்பு கூடிக் குறைந்ததால் அல்ல; ஒற்றைப்படை செமஸ்டரில் ஆடியும் புரட்டாசியும் மார்கழித் தொடக்கமும் வருகின்றன, இரட்டைப்படை செமஸ்டர் தையில் பிறந்து வைகாசியில் முடிகிறது. பதினெட்டு ஆண்டு வகுப்பெடுத்த எனக்கு இது புதிய செய்தி. வகுப்பில் வேறு நான்கு மாணவர்களின் வரிசையும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

வீட்டுக்குப் போனது

செப்டம்பர் முதல் வாரத்தில், அந்தப் பகுதியைச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளர் ஒருவரோடு அவருடைய ஊருக்குப் போனேன். டவுன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. தந்தை கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். தை மாதம் மூட்டையோடு சறுக்கி விழுந்ததில் இடுப்பில் அடி. அதற்குப் பிறகு ஷெட்டுக்குப் போகவில்லை. குழுக் கடன் தவணை வாரம் தவறாமல் கட்ட வேண்டியிருந்தது. அதுவரை எப்போதாவது கல்யாண வேலைக்குப் போனவர், தந்தை விழுந்த பிறகு ஒரு முகூர்த்தம் விடாமல் போயிருக்கிறார். ஒரு கல்யாணத்துக்கு 600 ரூபாய். முந்தின இரவு போய், பந்தி முடித்து, பாத்திரம் ஏற்றிவிட்டு வர மறுநாள் பிற்பகல் ஆகிவிடும்.

ஆடி வந்ததும் கல்யாணம் இல்லை, தவணை மட்டும் இருந்தது. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஊர்க்காரர் ஒருவரோடு திருப்பூர் போய்விட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை, அங்கே சொல்வதுபோல ஒன்றரை ஷிஃப்ட்; சனிக்கிழமை சம்பளம்.

தாய் மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். மகனுடைய மதிப்பெண் பட்டியல்கள், ஹால் டிக்கெட்டுகள், நாங்கள் அனுப்பிய கடிதம். கடிதத்தைப் பிரித்திருக்கவில்லை, கல்லூரி முத்திரை இருந்ததால் பத்திரமாக வைத்திருக்கிறார். "இதெல்லாம் இன்னும் செல்லுமா சார்?" என்று கேட்டார். செல்லும் என்றேன்.

அவருடைய கைப்பேசியிலேயே மகனிடம் பேசினோம். "பத்து அரியரை வைத்துக்கொண்டு வகுப்பில் எப்படி சார் உட்காருவது? ஜூனியர்கள் எல்லாம் கேட்கிறார்கள்" என்றார். பணத்தைப் பற்றி முதலில் பேசவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன். அடுத்து அவர் கேட்டது டி.சி.யும் பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியலும். கம்பெனியில் சூப்பர்வைசர் பயிற்சிக்கு அசலைக் கேட்கிறார்களாம்.

இரண்டாவது முடிவு: பெயரை நீக்கவில்லை, அசலைக் கொடுத்துவிட்டோம்

அலுவலக நடைமுறைப்படி டி.சி. வாங்கினால்தான் அசல் கிடைக்கும், டி.சி. வாங்க நிலுவை இல்லை என்ற சான்று வேண்டும், டி.சி.யில் 'இடையில் நின்றார்' என்று எழுதப்படும், பெயர் நீங்கும். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே சொல்லியிருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு முதல்வரிடம் போனோம். அவர் மறுக்கவில்லை. மதிப்பெண் பட்டியல் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட்டது; பெயர் பதிவேட்டில் இருந்தது.

டி.சி. கேட்டவரிடம் டி.சி. தராமல் இழுத்தது சரியா என்று துறையில் பேச்சு நடந்தது. எங்கள் வாதம் இது: பெயர் இருந்தால் அரியரை எழுதிக்கொண்டே இருக்கலாம், ஓராண்டு இடைவெளி எடுத்து ஐந்தாம் செமஸ்டரில் மறுசேர்க்கை கேட்கலாம். பெயர் போனால் முதலிலிருந்து. அவருக்கு எப்போது வேண்டுமானாலும் டி.சி. தருகிறோம் என்று எழுதியும் கொடுத்தோம். அசல் கையில் வந்த பிறகு அவர் டி.சி.யைப் பற்றிப் பேசவே இல்லை.

அரியர்களைக் கூட்டமாகப் பார்க்க வேண்டாம் என்று ஒரு தாளில் வரிசைப்படுத்திக் கொடுத்தேன். முதலில் திருப்பூர் அறையில் இரவில் தானாகப் படித்து எழுதக்கூடியவை: தமிழ், சுற்றுச்சூழல் கல்வி, ஆங்கிலம். பிறகு கணிதம். கடைசியில் இயற்பியல், ஏனென்றால் செய்முறைத் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறைதான், அதற்கு ரெக்கார்டு நோட்டு முடிந்திருக்க வேண்டும். சுற்றுச்சூழல் கல்வியை இரண்டாவதாக வைத்தது வேண்டுமென்றே. உச்ச நீதிமன்றம் 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் சொன்னதிலிருந்து எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் கட்டாயமாக வந்த தாள் அது. எளிது என்பதாலேயே பலர் தள்ளிப்போட்டு, அதற்காகவே பட்டமில்லாமல் இருக்கிறார்கள். வங்கி வேலைக்கு நேர்முகம் வரை போய், இந்த ஒரு தாளுக்காகத் திரும்பி வந்த பழைய மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

நவம்பர்த் தேர்வுக்கு ஐந்து தாளுக்கான கட்டணத்தைத் துறையில் மூவர் சேர்ந்து கட்டினோம்; எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. தீபாவளி விடுமுறைக்கு வந்தவர் மூன்று தாள் எழுதினார். மற்ற இரண்டும் விடுமுறை முடிந்த பிறகு வந்தன. மூன்றில் இரண்டில் தேறினார்: தமிழும் சுற்றுச்சூழல் கல்வியும்.

திரும்ப வந்தது

2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. ஓட்டுப் போட ஊருக்கு வந்தவர் மறுவாரம் துறைக்கு வந்தார். மேல்சட்டைப் பையில் நான் எழுதிக்கொடுத்த தாள், மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி. இரண்டு வரி அடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பருவத்தில் இன்னும் மூன்றை அடித்தார். ஐந்து மீதி.

தந்தை உட்கார்ந்து செய்யும் காவல் வேலை ஒன்றுக்குப் போகத் தொடங்கியிருந்தார். குழுக் கடன் முடியும் நிலையில் இருந்தது. மறுசேர்க்கை விண்ணப்பத்தில் ஷிஃப்ட் மாற்றமும் கேட்டோம். இரண்டாம் ஆண்டிலேயே இதைக் கேட்டிருக்கலாம். அப்போது எனக்குக் காரணம் தெரியாது. தெரிந்திருந்தாலும் 'காலி இடம் இல்லை' என்று சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். மூன்றாம் ஆண்டில் இரண்டாவது ஷிஃப்ட் வகுப்பில் எப்போதும் காலி இடம் இருக்கும். அவை இப்படிப் போனவர்களின் இடங்கள்.

2024 ஜூனில் இரண்டாவது ஷிஃப்ட்டில் ஐந்தாம் செமஸ்டர் சேர்ந்தார். காலை முகூர்த்தம் முடித்துப் பதினோரு மணிக்குக் கிளம்பினாலும் ஒன்றரை மணி வகுப்புக்கு வர முடிந்தது. பாத்திரம் ஏற்றும் வேலையை விட்டுவிட்டதால் கூலியில் 150 ரூபாய் குறைந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது: அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றே வந்துவிட்டது. இவர் முதன்முதலில் படித்த வகுப்பில் மாணவியர் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் மாணவர்கள் பந்தியில் நின்றார்கள். எங்கள் வகுப்பில் 'எல்.ஏ.' விழுந்த அத்தனை பேரும் ஆண்கள். ஒரு வகுப்பை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மாதம் 1,000 என்பது இரண்டு முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் வரும் என்பதே அதன் மதிப்பு. அவருக்கு முதல் தவணை வர மாதங்கள் ஆயின, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படாததால். அதைச் சரிசெய்ய வங்கிக்கு இரண்டு வேலை நாள் அலைந்தார். வருகைப் பதிவேட்டில் அதுவும் 'ஏ' தான்.

2024 நவம்பரில் ஐந்தாம் செமஸ்டர்த் தாள்களில் மெய்ப் பகுப்பாய்வு தவிர மற்றவற்றில் தேறினார். பழைய அரியரில் இரண்டை முடித்தார். 2025 ஏப்ரலில் ஆறாம் செமஸ்டர் முழுவதும் தேறினார். இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் பாதிப் பக்கம் 2023ஆம் ஆண்டுக் கையெழுத்து, மீதி 2025. அதோடு செய்முறையும் மற்ற இரண்டும் முடிந்தன. மெய்ப் பகுப்பாய்வு மட்டும் மறுபடியும் போயிற்று, ஆறு மதிப்பெண்ணில்.

கணக்கில் அவர் எங்கே இருந்தார்

அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் (18-23 வயதினர் நூறு பேருக்கு உயர்கல்வியில் எத்தனை பேர் என்ற கணக்கு) 47, இந்தியாவுக்கு 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான், அதில் ஐயமில்லை. அந்த ஆண்டு சேர்ந்த இவரும் அந்த 47க்குள் இருக்கிறார். அது சேர்ந்தவர்களின் எண். எத்தனை பேர் தேறினார்கள் என்றும் அந்த ஆய்வு கேட்கிறது. இன்ன ஆண்டு சேர்ந்த இன்னார் என்ன ஆனார் என்று ஆளைத் தொடர்ந்து போய்க் கேட்பதில்லை. அமெரிக்காவில் 1990இல் வந்த ஒரு சட்டம், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தின் ஒன்றரை மடங்குக்குள் முடித்தார்கள் என்று கல்லூரிகளை வெளியிடச் சொல்கிறது. நான்காண்டுப் படிப்பென்றால் ஆறாண்டு. அப்படி ஒரு எண் எங்கள் கல்லூரி வாசலில் எழுதப்பட்டிருந்தால் எவ்வளவாக இருக்கும் என்று துறைக்கூட்டத்தில் கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

2023-24இல் இவர் திருப்பூரில் பனியன் தைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தபோது எங்கள் மாணவர் எண்ணிக்கையில் ஒருவராகவே இருந்தார். அவருடைய நன்மைக்காக நாங்கள் எடுத்த முடிவின் பக்கவிளைவு அது. தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவுக்கு நாங்கள் கொடுக்கும் தேர்ச்சி விகிதமோ இறுதியாண்டுத் தேர்வை எழுதியவர்களில் தேறியவர் எத்தனை பேர் என்ற கணக்கு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் என்ற கேள்வியே அதில் எழாது. 2024இல் இறுதியாண்டுத் தேர்வெழுதவே வராததால் இவரால் அந்த ஆண்டு விகிதத்துக்குப் பாதிப்பு இல்லை. 2025இல் வந்து எழுதி ஒரு தாளில் நின்றதால் விகிதம் ஒரு துளி இறங்கியது. திருப்பூரிலேயே இருந்திருந்தால் எங்கள் எண் நன்றாக இருந்திருக்கும். இந்தக் கணக்கைத் துறைத்தலைவரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

இப்போது மாற்றியிருப்பவை, மாறாதவை

செமஸ்டர் தொடங்கிய ஐந்தாம் வாரத்தில் ஒருமுறையும் பத்தாம் வாரத்தில் ஒருமுறையும் பதிவேட்டைக் கூட்டுகிறோம். சதவீதமாகச் சொல்வதில்லை, 'இன்னும் இத்தனை நாள்தான் விடலாம்' என்று ஒவ்வொருவரிடமும் நாள் கணக்காகச் சொல்கிறோம். சதவீதத்தில் சொன்னால் கணித மாணவர்களுக்கும் அது உறைப்பதில்லை.

வருகைக் குறைவுப் பட்டியலுக்குக் கீழே, பழைய அரியரை இந்தப் பருவத்திலேயே எழுதலாம் என்ற ஒரு வரி இப்போது உண்டு. பெற்றோர் எண்ணோடு மாணவரின் எண்ணையும் நண்பர் ஒருவரின் எண்ணையும் வாங்குகிறோம். அசல் மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்த்து அன்றே திருப்பித் தருகிறோம்.

முதல் அரியர் விழுந்ததும் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று முடிவெடுத்தோம். அது பாதிதான் நடக்கிறது. அறுபது பேருக்கு ஒரு பொறுப்பாசிரியர். துறையில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள், அவர்கள் வேறு கல்லூரிக்கு மாறிப் போனால் மாணவரைப் பற்றித் தெரிந்ததும் கூடவே போய்விடுகிறது. இவருடைய ஊருக்கு என்னைக் கூட்டிப்போனவரும் இப்போது இங்கே இல்லை. இரட்டைப்படை செமஸ்டர் கால அட்டவணையில் கனமான தாள்களை முகூர்த்த நாட்களில் குறைக்கலாமே என்று நான் சொன்ன யோசனையைத் துறை ஏற்கவில்லை. கல்லூரி கல்யாண மண்டபத்துக்கு ஏற்ப நடக்க முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஷிஃப்ட் மாற்றத்தைக் காரணம் கேட்டுப் பரிசீலிக்க முதல்வர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதுவரை மூவருக்குக் கிடைத்திருக்கிறது.

2025 நவம்பர்ப் பருவத்துக்கு மெய்ப் பகுப்பாய்வுத் தாளுக்கான கட்டணத்தை அவரே கட்டினார். தேர்வு அட்டவணை வந்த அன்று துறைக்கு வந்தவர், தேதியைப் பார்த்ததும் சுவர் நாள்காட்டியிடம் போய்த் தாளைப் புரட்டினார். அன்று முகூர்த்தம். கேட்டரிங்காரரிடம் அன்றைக்கு ஆள் பார்த்துக்கொள்ளும்படி அங்கிருந்தே போன் செய்து சொல்லிவிட்டு, நான்காம் அலகில் ஒரு கணக்கு விளங்கவில்லை என்று நோட்டைத் திறந்தார்.